20 லிட்டர் வாளிக்கு மீட்டர் 21.2 காட்டுகிறது: பில்லைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாமா?

நீலக்குழாய்

15 மி.மீ. மல்டிஜெட் மீட்டர் (பல துளைகள் வழியாகப் பாயும் தண்ணீர் உள்ளே ஒரு சக்கரத்தைச் சுற்றும் வகை). முகப்பில் க்யூ3 2.5, ஆர்80 என்று இருக்கிறது. இந்த மாத பில் 46 யூனிட் (1 யூனிட் = 1000 லிட்டர்). முந்தைய 3 மாதமும் 14, 14, 14. மூன்றிலும் ‘மதிப்பீடு’ என்று போட்டிருக்கிறார்கள். சமையலறைக் குழாய் மட்டும் நேர் லைன், மற்றதெல்லாம் மேல்நிலைத் தொட்டி வழியாக. அந்த நேர் லைனில் 20 லிட்டர் வாளியை நிரப்பினால் மீட்டர் 21.2 ஓடுகிறது. 3 தடவையும் ஏறக்குறைய இதேதான். இதை வைத்து மீட்டர் சோதனைக்கு மனு கொடுக்கலாமா? 6% கூடுதல் என்று உறுதியானால் பில் எவ்வளவு குறையும்?

சோதனைமேடை

மனுவுக்கு முன்னால் அந்த 1.2 லிட்டர் எங்கே போனது என்று பாருங்கள். வாளி நிரம்பும் நேரத்தில் தொட்டியின் மிதவை வால்வு கொஞ்சம் திறந்திருந்தாலும் அங்கே போகிற தண்ணீர் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். தொட்டிக்குப் போகும் வால்வை மூடி, எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு, முகப்பில் இருக்கும் சின்ன நட்சத்திரச் சக்கரத்தை 15 நிமிடம் கவனியுங்கள். அது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மெதுவாக நகர்ந்தால் எங்கோ கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் வாளிச் சோதனை செய்து பயனில்லை.

அடுத்தது வாளி. அதில் போட்டிருக்கும் கோட்டை நம்ப வேண்டாம்; விளிம்பு வரை ஊற்றினால் இன்னும் மோசம். எடை போடுங்கள். காலி வாளியின் எடையைக் கழித்து வரும் கிலோவை 0.997ஆல் வகுத்தால் லிட்டர் (25 டிகிரி வாக்கில்). ரீடிங்கை ×0.0001 என்று குறித்த சிவப்பு முள்ளில் எடுங்கள். அதில் ஒரு கோடு 0.1 லிட்டர், ஒரு முழுச் சுற்று 1 லிட்டர். ஒரே வாளியில் நிறுத்தினால் ஆரம்பத்திலும் முடிவிலும் ஒவ்வொரு கோடு தவறினாலே 1% போய்விடும். 5 வாளி பிடித்து மொத்தமாகக் கணக்கிடுங்கள்.

பிழை % = (மீட்டர் காட்டியது − உண்மை அளவு) ÷ உண்மை அளவு × 100.

எவ்வளவு பிழை வரை ஏற்கலாம்? முகப்பில் உள்ள க்யூ என்பது ஓட்ட வேகம்: க்யூ1 மீட்டர் சரியாக அளக்க வேண்டிய மிகக் குறைந்த ஓட்டம், க்யூ2 பிழை வரம்பு மாறும் இடம், க்யூ3 தொடர்ந்து ஓடக்கூடிய ஓட்டம் (உங்களுடையதில் மணிக்கு 2.5 கன மீட்டர்), க்யூ4 சிறிது நேரம் தாங்கும் உச்சம். ஆர்80 என்றால் க்யூ3, க்யூ1ஐப் போல் 80 மடங்கு. தண்ணீர் மீட்டருக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 4064இன்படி 2ஆம் வகுப்புப் புது மீட்டருக்கு க்யூ2 முதல் க்யூ4 வரை ±2%, க்யூ1 முதல் க்யூ2 வரை ±5%. உங்கள் மீட்டரில் க்யூ1 மணிக்கு 31.25 லிட்டர், க்யூ2 50 லிட்டர். பயன்பாட்டில் இருக்கும் மீட்டருக்குப் பல இடங்களில் இதில் இரண்டு மடங்கு வரை விடுகிறார்கள். தேய்ந்த மீட்டர் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும், அதுவும் மெல்லிய ஓட்டத்தில். கூடுதலாக ஓடுகிறது என்றால் அளவறையின் நுழைதுளைகளில் உப்போ மணலோ படிந்து, துளை சுருங்கி, தண்ணீர் வேகமாகப் பாய்ந்து சக்கரத்தை அடிக்கிறதா என்று சந்தேகிக்கலாம்.

குழாய்ப்பணி

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: சப்ளை விட்டு விட்டு வருகிற இடமென்றால் தண்ணீருக்கு முன்னால் வருகிற காற்றும் சக்கரத்தைச் சுற்றும். வாளிச் சோதனையிலோ ஆய்வகத்திலோ இது தெரியவே தெரியாது. சப்ளை திறக்கும் நேரத்தில் மீட்டர் பக்கத்தில் நின்று, குழாயில் சீறல் மட்டும் இருக்கும்போது முள் எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று குறியுங்கள்.

மீட்டரைக் கழற்றினால் அன்றைய ரீடிங், சீல் எண் இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். இரு முனையையும் மூடி, உள்ளே தண்ணீர் இருக்கும்படியே அனுப்பச் சொல்லுங்கள். காய்ந்தால் உள்ளே உள்ள படிவு இறுகி உராய்வு மாறிவிடும். வடிகட்டியைக் கழுவவே கூடாது. கழுவினால் நீங்கள் காட்ட நினைக்கும் பிழையே அதோடு போய்விடும்.

நீலக்குழாய்

தொட்டி வால்வை மூடினேன். நட்சத்திரம் அசையவில்லை. 5 வாளி, நிகர எடை 99.6 கிலோ, மீட்டர் 101.4 லிட்டர்.

பில்கணக்கு

99.6 ÷ 0.997 = 99.9 லிட்டர். பிழை +1.5%, அதாவது இந்த ஓட்டத்தில் புது மீட்டருக்கான வரம்புக்குள்ளேயே இருக்கிறது. மீட்டர் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். நீங்கள் எழுத வேண்டியது பில் திருத்த மனு.

3 மாத மதிப்பீட்டில் விடுபட்டதெல்லாம் 46இல் வந்து குவிந்திருக்கிறது. கடைசி இரண்டு உண்மை ரீடிங்குகளுக்கு இடையில் மொத்தம் 14+14+14+46 = 88 யூனிட்; 4 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 22. ஸ்லாப் கட்டணம் என்றால் இங்கேதான் பணம் இருக்கிறது. உதாரணத்துக்கு, 20க்கு மேல் ஒரு விலை, 40க்கு மேல் அதைவிடக் கூடுதல் விலை என்று வையுங்கள். ஒரே மாதத்தில் 46 போட்டதால் 20 யூனிட் நடு ஸ்லாப்பிலும் 6 யூனிட் உச்ச ஸ்லாப்பிலும் விழுந்துவிட்டன. பிரித்துப் போட்டால் மாதம் 2 வீதம் 8 யூனிட் மட்டுமே நடு ஸ்லாப்பில், உச்சத்தில் ஒன்றும் இல்லை. 88 யூனிட்டையும் நான்கு மாதத்துக்குப் பிரித்து, மாதவாரியாக ஸ்லாப் கணக்குப் போடச் சொல்லிக் கேளுங்கள். கழிவுநீர்க் கட்டணம் தண்ணீர் அளவை வைத்து வருகிறதென்றால் அதையும் சேர்த்துத் திருத்தச் சொல்லுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

6% என்றே உறுதியாகியிருந்தாலும் 88இல் 6% கழிப்பது தவறு. பிழை உண்மை அளவின் மீது கணக்கிடப்படுவதால் வகுக்க வேண்டும்: 88 ÷ 1.06 = 83.0. கழித்தால் 82.7 வரும், அலுவலகத்தில் அதை ஏற்க மாட்டார்கள்.

சோதனைமேடை

மாதம் 22 யூனிட் உங்கள் வீட்டுக்கு அதிகம் என்று தோன்றினால் இன்னும் ஒரு பார்வை பாக்கி. நீங்கள் வால்வை மூடிச் சோதித்ததால் தொட்டிக்கு அந்தப்பக்கம் கசிந்தாலும் மீட்டரில் தெரிந்திருக்காது. இரவு தொட்டி நிரம்பியதும் அதற்கு வரும் வால்வை மூடி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிடுங்கள். காலையில் யாரும் குழாய் திறக்கும் முன் பாருங்கள். இறங்கியிருந்தால் முதலில் கழிப்பறை ஃபிளஷ் தொட்டியைச் சந்தேகியுங்கள். அதில் கொஞ்சம் வண்ணம் கரைத்து, ஃபிளஷ் செய்யாமல் 20 நிமிடம் விட்டால், கசிகிற தொட்டி கிண்ணத்தில் நிறம் காட்டிவிடும்.