1768 வெள்ளிக்காசு: உருக்கலாமா?

கும்பகோணத்தான்: பெரியம்மா பெட்டியில் கிடைத்தது. 28 கிராம். ஒரு பக்கம் இரட்டைத்தலைக் கழுகு, மறுபக்கம் கோபுரங்கள் நிறைந்த ஊர். ஆசாரி கொலுசுக்குக் கேட்கிறார்.

மாயவரம் மாமா: கொடுத்துவிடாதே தம்பி! அது நியூரம்பெர்க் தாலர், அந்தக் கால ஜெர்மன் வெள்ளி நாணயம். நியூரம்பெர்க், எந்தச் சிற்றரசனுக்கும் அடங்காமல் நேரே புனித ரோமப் பேரரசருக்குக் கீழிருந்த நகரம். காசடிக்கும் உரிமையும் அதற்கு உண்டு. கழுகு பேரரசர் இரண்டாம் யோசெப்பின் அடையாளம். ஒரு கொலோன் மார்க் என்ற எடை, அதாவது சுமார் 234 கிராம் சுத்த வெள்ளிக்குப் பத்துக் காசு என்பது அன்றைய கணக்கு. ஆக இதில் சுத்தம் 23.4 கிராம்தான், மீதி செம்பு. ஆசாரிக்கே கட்டுப்படியாகாது.

கும்பகோணத்தான்: தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கொண்டுவந்ததோ?

மாயவரம் மாமா: அவர் 1719-லேயே போய்ச் சேர்ந்துவிட்டாரே! அப்புறம், புளி போட்டுத் தேய்க்காதே, விலை போய்விடும்.