ஒரே துண்டறிக்கையில் ஐந்து ‘சார்ஜ்’: தமிழில் எப்படிப் பிரிப்பது?

பொங்கோல்வாசி (கேள்வி)

வணக்கம். சிங்கப்பூரில் மின்ஸ்கூட்டர் பாதுகாப்பு பற்றி வசிப்போர் குழு ஒன்று எங்கள் அடுக்குமாடிப் புளோக் முழுக்கக் கொடுக்கப்போகும் துண்டறிக்கையைத் தமிழில் எழுத வேண்டும். ஆங்கில மூலம் ஒரே பக்கம்தான், ஆனால் ‘சார்ஜ்’ ஐந்து இடத்தில் வருகிறது:

1. இரவில் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.
2. பழைய சாதனத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் ‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’.
3. வீட்டுக்கு வந்து எடுத்துப்போனால் ‘யூ வில் பி சார்ஜ்ட்’, 20 வெள்ளி (டாலர்).
4. நடைபாதையில் ஓட்டுவோர் ‘மே பி சார்ஜ்ட் இன் கோர்ட்’.
5. மேல் விவரத்துக்கு ‘ஆஃபீசர் இன் சார்ஜ்’.

கையிலிருக்கும் வரைவில் மூன்றாவது வரி “உங்கள்மீது கட்டணம் சாட்டப்படும்” என்றும், நான்காவது வரி “நீதிமன்றத்தில் கட்டணம் விதிக்கப்படலாம்” என்றும் இருக்கின்றன. இரண்டும் தவறு என்று தெரிகிறது. எந்த இடத்தில் எந்தச் சொல் என்று பிரிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

அச்சுக்கோப்பு

வழி இருக்கிறது. சொல்லை விட்டுவிட்டு அதன் பின்னால் ஒட்டிவரும் உருபைப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் ‘சார்ஜ் ஃபார்’ என்றால் பெரும்பாலும் பணம். ‘சார்ஜ் அட்’ என்றால் பாய்ந்து வருவது. ‘சார்ஜ் டு’ என்றால் ஒருவர் கணக்கில் எழுதுவது. ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பு. மாட்டிக்கொள்ளும் இடம் ‘சார்ஜ்ட் வித்’. அதற்கு மூன்று பொருள் உண்டு. ‘வித்’துக்குப் பிறகு திருட்டு போன்ற குற்றப்பெயர் வந்தால் குற்றச்சாட்டு, செய்யவேண்டிய பணி வந்தால் ஒப்படைப்பு, மின்சாரமோ உணர்ச்சியோ வந்தால் நிறைந்திருப்பது.

தமிழிலும் உருபுதான் பிரித்துக் காட்டும். பணம் என்றால் ‘உங்களிடம்’: உங்களிடம் கட்டணம் வசூலிக்கப்படும். குற்றம் என்றால் ‘உங்கள்மீது’: உங்கள்மீது குற்றஞ்சாட்டப்படும். உங்கள் வரைவில் ‘மீது’வும் ‘சாட்டு’ம் பணத்தோடு போய் ஒட்டிக்கொண்டன, அதுதான் கோளாறு.

இத்தனை பொருளுக்கும் வேர் ஒன்றே. லத்தீனில் ‘கார்ரஸ்’ என்றால் வண்டி, ‘கார்ரிகாரே’ என்றால் வண்டியில் பாரம் ஏற்றுவது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து ‘சார்ஜ்’ ஆனது. ‘கார்’, ‘கேரி’, ‘கார்கோ’ எல்லாம் அதே குடும்பம். பாரம் என்று நினைத்துக்கொண்டால் தமிழும் அதே பாதையில் நடந்திருப்பது தெரியும்: வரிச்சுமை, குற்றஞ்சுமத்துதல், பொறுப்பைத் தலையில் ஏற்றுதல், பேட்டரியில் மின்சாரம் ஏற்றுதல். நாமும் இதே உருவகத்தை வைத்திருக்கிறோம் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

வழக்குச்சொல்

வேர் சரி. ஆனால் ‘சுமத்து’ என்பதை அறிவிப்புக்குள் கொண்டுவராதீர்கள். “கட்டணம் சுமத்தப்படும்” என்று படிப்பவர், நியாயமில்லாமல் பிடுங்குகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். “குற்றம் சுமத்தினார்கள்” என்றாலும் பொய்க்குற்றம் என்ற வாடை அடிக்கும். நடுநிலையான சொற்கள் பணத்துக்கு ‘வசூலி’, குற்றத்துக்குச் ‘சாட்டு’.

நான்காவது வரிக்கு இன்னும் கவனம் தேவை. ‘சார்ஜ்’ என்பது வழக்கின் தொடக்கம். தண்டனை அதற்கு வெகுதூரம் தள்ளி இருக்கிறது. நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டியதற்கு 2,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம் என்றால், அது குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதும்போது ‘நிரூபிக்கப்பட்டால்’ என்ற சொல் விழுந்துவிடுகிறது. அதனால் இரண்டு வாக்கியமாக உடையுங்கள்: “நடைபாதையில் ஓட்டுவோர்மீது நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்படலாம். குற்றம் நிரூபிக்கப்பட்டால்…” என்று தொடருங்கள்.

நீதிமன்றச் செய்திகளைத் தமிழாக்குவோர் சறுக்கும் வேறு சில இடங்களையும் சொல்கிறேன்.

‘அலிகேஷன்’, ‘அக்யூசேஷன்’, ‘சார்ஜ்’ மூன்றும் தமிழில் ‘குற்றச்சாட்டு’ ஆகிவிடுகின்றன. ஒரு கடைக்காரர் ஏமாற்றினார் என்று வாடிக்கையாளர் சொன்னால் அதைப் ‘புகார்’ அல்லது ‘குறைகூறல்’ என்று எழுதுங்கள். ‘குற்றச்சாட்டு’ என்றால் படிப்பவர் நீதிமன்றம்வரை போய்விட்டது என்று எண்ணுவார்.

‘டேக்கன் இன்டு கன்சிடரேஷன்’: சில குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனை விதிக்கும்போது மற்றச் சிலவும் கருத்தில் கொள்ளப்படும். அவற்றுக்குத் தனித் தண்டனை கிடையாது. எல்லாவற்றையும் கூட்டி “பத்துக் குற்றங்களுக்காகச் சிறை” என்று எழுதினால் தப்பு.

இதைவிட மோசமாகப் போவது ‘டிஸ்சார்ஜ்’. ‘டிஸ்சார்ஜ் நாட் அமவுண்டிங் டு அன் அக்விட்டல்’ என்பதை “விடுதலையானார்” என்று எழுதவே கூடாது. அந்தக் குற்றச்சாட்டைப் பிறகு மறுபடி கொண்டுவர அரசுத் தரப்புக்கு வழி இருக்கிறது. “இப்போதைக்கு வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார், இது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு ஆகாது” என்று விரித்து எழுதினால் நீளம்தான், ஆனால் ஒரு மனிதரைப் பற்றிய செய்தி சரியாகப் போய்ச் சேரும்.

கூலும்

பேட்டரி வரிக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் மின்சாரத்துக்கே ‘சார்ஜ்’ இரண்டு வேலை செய்கிறது. ஒன்று அளவு, மற்றது செயல். தமிழில் பிரித்து வைப்பது நல்லது: அளவு ‘மின்னூட்டம்’, செயல் ‘மின்னேற்றுதல்’. இலங்கைப் பாடநூல்களில் அளவுக்கு ‘ஏற்றம்’ என்றே இருக்கும். சிங்கப்பூரில் மின்வாகன நிலையத்துக்கு மின்னூட்டு, மின்னேற்று என்று இரண்டு வடிவமும் கண்ணில் படுகின்றன. ஒரே பக்கத்தில் மாற்றி மாற்றி எழுதாமலிருந்தால் சரி.

அளவு, செயல் வேறுபாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு. கைப்பேசிப் பெட்டியில் 5,000 மில்லிஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் அது மின்னூட்டத்தின் அளவு. 5,000 மில்லிஆம்பியர் என்பது 5 ஆம்பியர்; அதை ஒரு மணிக்குரிய 3,600 நொடியால் பெருக்கினால் 18,000 ‘கூலும்’ (மின்னூட்டத்தின் அலகு) வரும். அது ‘திறன்’ அல்ல, ‘ஆற்றலும்’ அல்ல. விளம்பரத் தமிழில் இந்த மூன்றும் கலந்துபோகின்றன.

‘டிஸ்சார்ஜ்’ பற்றி மேலே சொன்னதற்கு ஒரு சேர்க்கை: ஏற்றியதை இறக்குவது என்று பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். கப்பலில் சரக்கு இறக்குதல், பேட்டரியில் மின்னிறக்கம். மருத்துவமனையில் மட்டும் இரண்டாகப் பிரியும்: ஆள் என்றால் வீடு திரும்புதல், புண் என்றால் கசிவு.

துண்டறிக்கைக்கு “மின்னேற்றம் செய்யாதீர்கள்” என்பதைவிட “பேட்டரிக்கு மின்னேற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும், இரவெல்லாம் விட்டுவைக்காதீர்கள்” என்று எழுதலாம். ஆபத்து ஆள் பார்க்காமல் விடுவதில் இருக்கிறது. வெறும் “செய்யாதீர்கள்” என்றால் வண்டி வைத்திருப்பவர் அந்த வரியையே தள்ளிவிடுவார்.

பொங்கோல்வாசி

மிக்க நன்றி. இன்னொன்று: 20 வெள்ளியை அட்டையில் கட்டலாம். “உங்கள் அட்டையில் சார்ஜ் செய்யப்படும்” என்று சார்ஜை அப்படியே விட்டுவிடலாமா?

அச்சுக்கோப்பு

வேண்டாம். இந்த இடத்தில் அந்தச் சொல் நேர் எதிராகத் திரும்பும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ‘ரீசார்ஜ்’ என்றால் பணம் உள்ளே போவது, நாம் இங்கே ‘டாப் அப்’ அல்லது ‘பணம் நிரப்பு’ என்கிறோமே, அது. கடன் அட்டையில் ‘சார்ஜ்’ என்றால் பணம் வெளியே போவது. புளோக்கில் இரண்டு வகை வாசகரும் இருப்பார்கள். “உங்கள் அட்டையிலிருந்து 20 வெள்ளி பிடிக்கப்படும்” என்று எழுதினால் ஐயமே எழாது.

‘கட்டணம்’ பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஃபீ’, ‘ஃபேர்’, ‘சார்ஜ்’ மூன்றுக்கும் அதுவே போதும்: பள்ளிக் கட்டணம், பேருந்துக் கட்டணம், நகர மன்றத்தின் சேவை, பராமரிப்புக் கட்டணம். ஆனால் ‘லெவி’ வந்தால் தீர்வை, ‘ஃபைன்’ வந்தால் அபராதம், இவற்றைக் கட்டணம் ஆக்காதீர்கள். கட்டணம் என்பது ஒரு சேவைக்காகத் தருவது. அபராதம் என்பது தவறுக்காகத் தருவது. உணவகப் பில்லிலும் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் கடைக்குப் போகிறது, 9 விழுக்காடு பொருள், சேவை வரி அரசாங்கத்துக்குப் போகிறது. இரண்டிலும் ‘சேவை’ இருப்பதால் ஒன்றாகிவிடாது.

ஐந்தாவது வரிக்குப் ‘பொறுப்பு அதிகாரி’ என்று எழுதவேண்டாம். தமிழ்நாட்டுச் செய்தி வழக்கில் ‘பொறுப்பு’ முன்னால் வந்தால் தற்காலிகமாகப் பதவி வகிப்பவர் என்று பொருள்படும். ‘பொறுப்பாளர்’ போதும்.

பொங்கோல்வாசி

திருத்திய வரிகள்:

“பேட்டரிக்கு மின்னேற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும், இரவெல்லாம் விட்டுவைக்காதீர்கள். பழைய சாதனத்தை நேரில் கொண்டுவந்து கொடுத்தால் கட்டணமில்லை. வீட்டுக்கு வந்து எடுத்துச்செல்ல உங்களிடம் 20 வெள்ளி வசூலிக்கப்படும். நடைபாதையில் ஓட்டுவோர்மீது நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்படலாம். விவரங்களுக்குப் பொறுப்பாளரை நாடுங்கள்.”

வழக்குச்சொல்

மூன்றாவது வாக்கியத்தில் “சாதனம் ஒன்றுக்கு” என்று சேர்த்துவிடுங்கள். இரண்டு ஸ்கூட்டர் வைத்திருக்கும் வீட்டில் 20 வெள்ளியா 40 வெள்ளியா என்று கேட்பார்கள். மூலத்தில் அது இல்லையென்றால், அச்சுக்குக் கொடுக்குமுன் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.