கறியான இறைச்சியில் இனம் காண எந்த மரபணு?

வணக்கம். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். சமைத்த இறைச்சி மாடா, ஆடா, கடலாமையா என்று இழைமணி (மைட்டோகாண்ட்ரியா, கலத்துக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்பு) டிஎன்ஏ மூலம் கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. ஒரு கலத்தில் இதன் பிரதிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் வெந்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும், ஆனால் துண்டு துண்டாகத்தான். அதனால் சுமார் 650 பேஸ் சோடி (டிஎன்ஏ நீளத்தின் அலகு) நீளமான சிஓஐ பார்கோடு பகுதி (இனம் காண வழக்கமாகப் பாவிக்கும் இழைமணி மரபணுத் துண்டு) பிசிஆரில் (டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறை) வருகுதே இல்லை. மிளகாய்த்தூளும் சேர்ந்து குழப்புகிறது என்று சந்தேகம் (எங்கட கறித்தூள் அப்படி!).

சைட்டோகுரோம் பி, 12எஸ், 16எஸ் ஆகிய இழைமணி மரபணுக்களில் 150 சோடிக்குள் இனங்களைப் பிரித்துக் காட்டும் பிரைமர் (பிசிஆரைத் தொடக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) யாராவது பாவித்திருக்கிறீர்களா? அப்புறம், கடலாமை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். ஒப்பீட்டு மாதிரிக்கு வனசீவராசிகள் திணைக்களத்திடம் அனுமதி எடுத்த அனுபவம் உள்ளவர்கள் கட்டாயம் சொல்லுங்கோ.