ராதாபுரம் 2016: 49 ஓட்டில் தோற்றவர் எந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்?

நெல்லைச்சீமை:
2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் இன்பதுரை (அ.தி.மு.க.) 69,590, அப்பாவு (தி.மு.க.) 69,541. வித்தியாசம் 49. அப்பாவு வழக்குப் போட்டார், ஐகோர்ட் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, எண்ணியும் முடித்தார்கள். அப்படியிருந்தும் இன்பதுரை ஐந்து வருஷமும் எம்.எல்.ஏ.வாக இருந்தாரே, எங்கே சிக்கியது? சொற்ப ஓட்டில் தோற்கிற வேட்பாளரின் ஏஜென்ட் எண்ணிக்கை அன்றைக்கு எதைக் கையில் வாங்கி வைத்தால் வழக்கு நிற்கும்? கட்சிச் சண்டை வேண்டாம், நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பணகுடிக்காற்று:
முதலில் ஆளைப் பற்றி. அப்பாவு அந்தத் தொகுதிக்குப் புதியவர் இல்லை. 1996இல் த.மா.கா., 2001இல் சுயேச்சை, 2006இல் தி.மு.க. என்று மூன்று தடவை மூன்று அடையாளத்தில் அங்கேயே ஜெயித்தவர். சின்னம் மாறினாலும் கூடவே வருகிற சொந்த ஓட்டு அவருக்கு இருந்தது. அதனால்தான் 2016இல் அவ்வளவு நெருக்கமாக வந்தது.

வழக்கின் மையம் 203 தபால் ஓட்டு. உறுதிமொழிப் படிவத்தில் (13ஏ) சான்றொப்பம் போட்டவர்கள் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அவர்கள் சான்றொப்பமிடத் தகுதியுள்ள கெசட்டட் அதிகாரிகள் இல்லை என்று சொல்லி அந்த ஓட்டுகளைத் தள்ளிவிட்டார்கள். வித்தியாசம் 49, தள்ளியது 203. கோர்ட்டில் மனு நின்றது இந்தக் கணக்கால்தான். இதோடு 19, 20, 21ஆம் சுற்று இயந்திர ஓட்டுகளையும் அப்பாவு கேள்விக்குள்ளாக்கினார்.

2019 அக்டோபர் 1ஆம் தேதி சென்னை ஐகோர்ட், தபால் ஓட்டையும் அந்த மூன்று சுற்றையும் மறுபடி எண்ணச் சொன்னது. அக்டோபர் 4 அன்று ஐகோர்ட் வளாகத்திலேயே எண்ணினார்கள். அதே நாளில் உச்ச நீதிமன்றம் எண்ணுவதைத் தடுக்கவில்லை, முடிவை வெளியிடத்தான் தடை போட்டது. அந்தத் தடை நீண்டுகொண்டே போய், 2021 மே மாதம் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துவிட்டது. அதே 2021 தேர்தலில் அப்பாவு சுமார் 5,900 ஓட்டில் இன்பதுரையைத் தோற்கடித்தார், மே 12 அன்று சபாநாயகரும் ஆனார்.

படிவம்20:
எண்ணிக்கைக் கூடத்துக்கு வருவோம். தபால் ஓட்டு மேசைக்கு அனுபவசாலி ஏஜென்டைப் போடுங்கள். பல கட்சிகள் கெட்டிக்காரர்களை இயந்திர மேசைகளில் உட்காரவைத்துவிட்டு, தபால் மேசைக்குப் புதுப் பையனை அனுப்பிவிடும். தப்பு நடப்பது அங்கேதான்.

வெளி உறையைத் (13சி) திறந்ததும் உள்ளே இரண்டு இருக்கும்: உறுதிமொழி 13ஏ, ஓட்டுச்சீட்டு உள்ள சின்ன உறை 13பி. உறுதிமொழி இல்லை, கையெழுத்தோ சான்றொப்பமோ சரியில்லை, சீட்டின் வரிசை எண் ஒத்துவரவில்லை என்றால் சின்ன உறையைத் திறக்கவே கூடாது, அப்படியே தள்ளுபடி. உறையைத் திறந்த பிறகு, சீட்டில் இருவருக்குக் குறியிட்டது, யாருக்குமே குறியிடாதது, ஓட்டளித்தவர் யார் என்று காட்டும் அடையாளம் போட்டது என்று தள்ளுவது வேறு வகை. இந்த இரண்டு வகையையும் உங்கள் தாளில் தனித்தனியாக எழுதுங்கள். உறை திறக்காமல் தள்ளியதில் யாருக்கு ஓட்டு என்று எவருக்குமே தெரியாது. கோர்ட்டில் "திறந்து பாருங்கள்" என்று கேட்க இடம் இருப்பது அதில்தான். மொத்தமாக "செல்லாதவை இத்தனை" என்று மட்டும் குறித்து வந்தால் வக்கீலுக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இயந்திர மேசையில், ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் 17சி (பதிவான ஓட்டுக் கணக்குப் படிவம்) நகலில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவி எண்ணையும் பதிவான மொத்த ஓட்டையும் திரையோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் அந்தச் சுற்று முடிவதற்குள் எழுத்தில் கொடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். முடிவுத் தாளான படிவம் 20இல் இறுதிக் கூட்டல் அறிவித்ததும், முடிவைப் பிரகடனம் செய்வதற்குமுன் ஒரு சின்ன இடைவெளி வரும். தேர்தல் நடத்தை விதி 63இன்படி மறு எண்ணிக்கை மனுவை அந்த இடைவெளியில்தான் ஆர்.ஓ.விடம் (தேர்தல் நடத்தும் அதிகாரி) தர வேண்டும். வேட்பாளர் தர வேண்டும், அவர் அங்கே இல்லையென்றால் தலைமை ஏஜென்டோ எண்ணும் ஏஜென்டோ தரலாம். காரணம் எழுதியிருக்க வேண்டும். "வித்தியாசம் குறைவு" என்பது காரணமே இல்லை. "இந்த மேசை, இந்தச் சுற்று, இத்தனை உறை, இன்ன காரணம் சொல்லித் தள்ளினார்கள், அது இந்த விதிக்கு முரண்" என்று இருக்க வேண்டும். ஆர்.ஓ. நிராகரித்தால் காரணத்தோடு எழுத்தில் தரக் கடமைப்பட்டவர். அந்தத் தாளை வாங்காமல் கூடத்தை விட்டு வெளியே வராதீர்கள். முடிவைப் படித்துவிட்டால் ஆர்.ஓ.வின் வேலை முடிந்தது, பிறகு கோர்ட்தான்.

2019 முதல் தேர்தல் ஆணையமே ஒரு கட்டாயம் வைத்திருக்கிறது: வெற்றி வித்தியாசம் செல்லாதவை என்று தள்ளிய தபால் ஓட்டுகளைவிடக் குறைவாக இருந்தால், தள்ளியவை எல்லாவற்றையும் ஆர்.ஓ. மறுபடி சரிபார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். வீடியோவும் எடுக்க வேண்டும்.

வழக்குக்கட்டு:
கோர்ட்டு பக்கம் நான். முடிவை எதிர்த்து ஐகோர்ட்டில் போடும் தேர்தல் மனுவுக்கு 45 நாள் கெடு. முடிவு அறிவித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும், ஓட்டுப்பதிவு தேதியிலிருந்து அல்ல. தாமத மன்னிப்பு என்ற பேச்சே இங்கே கிடையாது. 2016இல் முடிவு மே 19. கணக்குப் போட்டால் ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வேலைநாளில் போடலாம் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் கடைசி நாளை நம்பி உட்காருகிறவருக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

பிணைத்தொகை 2,000 ரூபாய்தான். மனு விழுவது பணத்தால் அல்ல, சின்னச் சின்னக் குறைகளால். எதிராளியின் தேர்வு செல்லாது என்று மட்டும் கேட்டால் ஜெயித்தவரைச் சேர்த்தால் போதும். "என்னை வென்றவராக அறிவியுங்கள்" என்றும் கேட்டால், போட்டியிட்ட எல்லா வேட்பாளரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும், டெபாசிட் போன சுயேச்சை உட்பட. ஒருவர் விட்டுப்போனாலும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86ஆம் பிரிவில் மனு அவுட். ஒவ்வொரு எதிர்மனுதாரருக்கும் ஒரு நகல், ஒவ்வொன்றிலும் "உண்மை நகல்" என்று மனுதாரரே கையெழுத்திட வேண்டும். ஊழல் நடவடிக்கை என்று குற்றம் சாட்டினால் படிவம் 25இல் தனி உறுதிமொழிப் பத்திரம் வேண்டும்.

தானே வென்றதாக அறிவிக்கக் கேட்டால் இன்னொரு விளைவும் உண்டு: ஜெயித்தவரும் விசாரணை தொடங்கிய 14 நாளுக்குள் எதிர்க்குற்றச்சாட்டு கொடுத்து உங்களுக்கு விழுந்த ஓட்டுகளைக் கிளறலாம். உங்கள் பக்கத்துக் கணக்கு சுத்தமா என்று பார்த்துவிட்டு அந்தக் கோரிக்கையை வையுங்கள்.

ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ராதாபுரத்துக்கு உத்தரவு வரவே மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. குஜராத்தின் தோல்கா தொகுதியும் இதே கதைதான்: 2017இல் பூபேந்திரசிங் சூடாசமா 327 ஓட்டில் ஜெயித்தார், 429 தபால் ஓட்டைத் தள்ளியிருந்தார்கள். 2020 மே 12 அன்று ஐகோர்ட் தேர்வை ரத்து செய்தது, மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் தடை தந்தது.

நெல்லைச்சீமை:
நன்றி. அதே சான்றொப்பப் பிரச்சினை இன்றும் வருமா?

படிவம்20:
பெரிதாக வராது. 2023 விதித் திருத்தத்துக்குப் பிறகு தேர்தல் பணியாளர்கள் தங்கள் தபால் ஓட்டுக்கென அமைக்கும் வசதி மையத்திலேயே சீட்டு வாங்கி, ஓட்டுப் போட்டு, அங்கேயே திருப்பித் தர வேண்டும். தபாலில் அனுப்புகிற, வீட்டுக்கு எடுத்துப்போகிற வேலை இல்லை. சான்றொப்பமிட அதிகாரி அங்கேயே இருப்பார். ஆனால் வீட்டிலிருந்து ஓட்டுப் போடும் முதியோர், மாற்றுத்திறனாளிகளின் உறைகள் கூடியிருக்கின்றன, அதனால் தபால் மேசையின் கனம் குறையவில்லை.

இயந்திரத்தின்மேல் சந்தேகம் என்றால், 2024 ஏப்ரல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி இரண்டாவது, மூன்றாவது இடத்துக்கு வந்தவர்கள் 7 நாளுக்குள் எழுத்தில் கேட்டுப் பணம் கட்டினால், தொகுதியின் 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிப்பார்கள். இந்த 7 நாளும் மனுவுக்கான 45 நாளும் வேறு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வழக்குக்கட்டு:
ஒன்று விட்டுப்போனது. தேர்தல் ஆணையத்தின் 2025 மே மாத அறிவுறுத்தலின்படி, மனு எதுவும் இல்லையென்றால் 45 நாளுக்குப் பிறகு வீடியோ பதிவுகளை அழித்துவிடலாம். எனவே மனு போட்ட அன்றே பதிவுகளையும், தள்ளிய உறைகளையும், அந்தச் சுற்றுகளின் இயந்திரங்களையும் பாதுகாக்கச் சொல்லித் தனி மனு ஒன்றும் போடுங்கள். மாவட்டத் தேர்தல் அதிகாரிக்கும் நகல் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.