‘நம் வீடு’ குழு: கடல் மீன் தொட்டியில் ஐப்டேசியா

நித்யா: [படம்]
நித்யா: கதிர் அண்ணா, இது என்ன? ஜோவா பவளம் இருக்கும் பாறையில் பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டிப் பூ மாதிரி. முதலில் ஒன்றுதான் இருந்தது. இப்போது பாறை முழுக்க. பக்கத்து ஜோவா எல்லாம் விரியவே மாட்டேன் என்கிறது
நித்யா: அப்பா கப்பலில் இருக்கிறார். ராத்திரிதான் சிக்னல் வரும்

அருண்: பிளேடு வைத்துச் சுரண்டட்டுமா

பெரியப்பா: வெந்நீர் ஊற்று. எந்தப் புழுவும் நிற்காது.

அத்தை: அழகாகத்தானே இருக்கிறது
அத்தை: ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்குக் கண் பரிசோதனை. கார் யார் எடுப்பது என்று கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை

அம்மா: பெரியப்பா சொல்வதுதான் சரி. பாறையை வெளியே எடுத்துப் பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்துவிடலாம். தண்ணீர் அடுப்பில் வைத்தாயிற்று

கதிர் அண்ணா: சித்தி அடுப்பை அணையுங்கள்
கதிர் அண்ணா: உடனே
கதிர் அண்ணா: நித்யா நீ போய்ப் பார்

அம்மா: என்னப்பா ஆயிற்று

நித்யா: அணைத்துவிட்டேன். பாறை தொட்டிக்குள்தான் இருக்கிறது

கதிர் அண்ணா: அப்பாடா. பொறுமையாகப் படியுங்கள். ஜோவாவிலும் அதன் உறவான பாலிதோவாவிலும் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். எல்லா ஜோவாவிலும் இருக்காது, ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பாறையைக் கொதிக்கவைத்தால் அது ஆவியோடு காற்றில் கலந்து மூச்சில் போகும். இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல், நெஞ்சு வலி. மாற்று மருந்து கிடையாது, அறிகுறிக்குத்தான் சிகிச்சை. 2018இல் இங்கிலாந்தில் ஸ்டீவென்டன் என்ற ஊரில் ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய்க் குடும்பமே மருத்துவமனைக்குப் போனது. வெந்நீர் ஊற்றுவதும் வேண்டாம், தண்ணீருக்கு வெளியே வைத்து பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அந்தப் பாறையைத் தொடவே கூடாது

அருண்: ஐயோ

பெரியப்பா: நான் ஊற்று என்றுதான் சொன்னேன். கொதிக்கவைக்கச் சொல்லவில்லை.

அம்மா: சரி, பழி என் மேல்தான் வரும். புதிதா என்ன

அத்தை: விடு விஜயா. நம் வீட்டில் பீரோ கதையே இன்னும் முடியவில்லை

பெரியப்பா: பீரோவை யார் இழுத்தது இப்போது?

நித்யா: அண்ணா, அப்போது இந்தப் பூவை என்னதான் செய்வது

கதிர் அண்ணா: அது பூ இல்லை, ஐப்டேசியா என்ற கடல் உயிர். கண்ணாடி அனிமோன் என்பார்கள். கொட்டும் செல்கள் உண்டு, பக்கத்தில் இருக்கும் பவளத்தைச் சுட்டுக்கொண்டே இருக்கும். அருண், பிளேடைக் கீழே வை. அடிப்பாகத்தில் துணுக்கு மிச்சம் இருந்தாலும் அது தனி அனிமோனாக வளரும். சுரண்டினால் நாமே நாற்று நட்டது போல ஆகிவிடும்

அருண்: வைத்துவிட்டேன். மருந்து?

கதிர் அண்ணா: நாலைந்து மட்டும் இருந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கெட்டியாகக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாய் மேல் வைத்து மூடலாம். பம்பை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். ஒரே நாளில் நிறைய வைத்தால் தண்ணீரின் பிஎச் ஏறும். இங்கே பாறை முழுக்கப் பரவியிருக்கிறது, அதனால் தின்கிற உயிரைத்தான் விட வேண்டும்

பெரியப்பா: அலமாரியில் மீன் மருந்து பாட்டில் இருக்குமே?

கதிர் அண்ணா: அப்பா, அதில் தாமிரம் இருக்கும். பவளம், இறால், நத்தை எல்லாம் போய்விடும்

அருண்: பெப்பர்மின்ட் இறால் வாங்குவோம். பார்க்கவும் நன்றாக இருக்கும்

நித்யா: பெர்கியா என்று படித்தேன். ஓடில்லாத கடல் நத்தை. ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தொடாதாம்

கதிர் அண்ணா: இரண்டும் சரி, ஆனால் சேர்த்து விடாதீர்கள். இறால் பெர்கியாவைத் தின்றுவிடும். சித்தப்பாவின் சிக்ஸ்லைன் ராஸ் மீனும் விட்டுவைக்காது. இறால் என்றால் அதிலும் ஒரு சிக்கல், ஒன்று தின்னும், ஒன்று திரும்பிக்கூடப் பார்க்காது. கேமல் இறால் என்ற வேறு வகையைப் பெப்பர்மின்ட் என்று கொடுத்துவிடுவார்கள், அது பவளத்தையே கொறிக்கும். என்னைக் கேட்டால் ராஸைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டுப் பெர்கியா விடலாம்

அருண்: ராஸைப் பிடிப்பதா?? பாறையையே கலைக்க வேண்டும்

அம்மா: கதிர், தப்பாக நினைக்காதே. நீ கொடுத்த பவளத் துண்டு வந்த பிறகுதானே இதெல்லாம்?

கதிர் அண்ணா: என் தொட்டியில் ஐப்டேசியா இல்லை சித்தி. புது நத்தையின் ஓட்டில் ஒட்டிக்கொண்டுகூட வரும்

அம்மா: சரி சரி

நித்யா: [படம்]
நித்யா: அண்ணா, மான்டிபோரா பவளம் இருக்கிறதே, தட்டு மாதிரி, அதன் ஓரம் வெள்ளையாகிவிட்டது. அடியில் டார்ச் அடித்தேன். அரிசியைவிடச் சின்னதாக, முதுகில் முள் முள்ளாக ஏதோ ஊர்கிறது

கதிர் அண்ணா: இது வேறு. மான்டிபோராவைத் தின்னும் நூடிபிராங்க், பெர்கியா மாதிரி ஓடில்லாத கடல் நத்தை. அனிமோனைவிட எனக்கு இதுதான் கவலை, தட்டு முழுவதும் போய்விடும். தொட்டித் தண்ணீரையே தனி வாளியில் எடுத்து, பவள டிப்பை, அதாவது பவளத்தை முக்கி எடுக்கும் மருந்தை, அளவு பார்த்துக் கலந்து, தட்டை முக்கு. பூச்சி உதிரும். முட்டைக்கு டிப் உறைக்காது, அடியில் வெள்ளைப் புள்ளிக் கூட்டமாக ஒட்டியிருக்கும். அதைக் குச்சியால் நெருடி எடு, வெளுத்த ஓரத்தை வெட்டிவிடு. வாரம் ஒரு தடவை, பல வாரம் விடாமல். முட்டை பொரிந்து வருவதைப் பிடிக்கத்தான் இத்தனை தடவை. வாளித் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பக் கூடாது

அத்தை: இவ்வளவு பெரிய செய்தி யார் படிப்பது. ஞாயிறு கார்???

பெரியப்பா: கதிர் எடுப்பான்.

கதிர் அண்ணா: ஞாயிறு டிப் செய்ய நித்யா வீட்டுக்குப் போக வேண்டும் அப்பா

அத்தை: ஓ, புழுவுக்கு நேரம் உண்டு

அப்பா: இப்போதுதான் சிக்னல். எல்லாம் படித்தேன். விஜயா, அடுப்பை அணைத்தது நல்லது
அப்பா: மான்டிபோராவை முதலில் பாருங்கள். ராஸைப் பிடிக்க வேண்டாம், இருக்கட்டும்

நித்யா: அப்போது பெர்கியா?

அப்பா: யோசிப்போம்

அருண்: இறால்தான் 👍

நித்யா: அருண் சும்மா இரு

கதிர் அண்ணா: சித்தப்பா, இனி எந்தத் துண்டு வந்தாலும் முதலில் டிப், அப்புறம் தனித் தொட்டியில் சில வாரம். நான் கொடுத்தாலும்

அம்மா: அதைத்தான் நான் அப்போதே சொன்னேன்

அத்தை: சனிக்கிழமை டிப் வையுங்கள், ஞாயிறு கண்

கதிர் அண்ணா: பார்க்கிறேன் அத்தை. நித்யா, கையுறையும் கண்ணாடியும் எடுத்து வருகிறேன். அதுவரை ஜோவா பாறையை யாரும் நகர்த்தாதீர்கள்