ஸ்லோ குக்கரில் எதை எப்போது போடுவது? எங்கள் அனுபவங்கள்

குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கரை வாங்கிய பலர் கொஞ்ச நாளிலேயே அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "எதைச் செஞ்சாலும் ஒரே ருசி, எல்லாம் குழைஞ்சு போகுது." காலையில் கையில் கிடைத்ததை எல்லாம் மொத்தமாகக் கொட்டி மூடினால் அப்படித்தான் ஆகும். எட்டு மணி நேரம் வேக வேண்டிய பொருளும் பத்து நிமிஷம் போதும் என்கிற பொருளும் ஒன்றாகக் கிடந்தால் இரண்டுக்குமே நியாயம் கிடைக்காது. நான் அன்றாடம் இதில்தான் சமைக்கிறேன். எப்போது போடுகிறோம் என்பதில்தான் இதன் சூட்சுமம் முழுக்க இருக்கிறது.

காலையில் முதலில் உள்ளே போவது உருளைக்கிழங்கும் கேரட்டும். அடுப்பில் சமைத்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இந்தச் சூட்டில் கிழங்கு வகை இறைச்சியைவிட மெதுவாகத்தான் வேகும். சூடு அடியிலிருந்தும் சுற்றுச் சுவரிலிருந்தும் வருவதால், கிழங்கை ஒரே அளவாக நறுக்கி அடியில் பரப்பி, அதற்கு மேல் இறைச்சியை வைக்கிறேன். இறைச்சியில் தொடை, முன்னங்கால், கழுத்து போல நன்றாக உழைத்த பாகமாகப் பார்த்து வாங்குங்கள். அதில் இருக்கும் கொலாஜன் என்ற கெட்டியான புரதம் ஏறக்குறைய 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால்தான் ஜெலட்டினாகக் கரையும். குழம்புக்கு வரும் அந்தக் கெட்டியும் வழவழப்பும் அதிலிருந்து வருவதுதான். கோழியின் நெஞ்சுப் பகுதியில் கொலாஜன் குறைவு. நாள் முழுக்க வைத்தால் வறண்டு நார் நாராகிவிடும். கோழி என்றால் எலும்போடு தொடைதான் என் தேர்வு.

தண்ணீர் விஷயத்தில் கையை இழுத்துப் பிடிக்க வேண்டும். மூடியில் படியும் ஆவி திரும்ப உள்ளேயே சொட்டுகிறது, காயும் தன் பங்குக்குத் தண்ணீர் விடுகிறது. அடுப்பில் ஊற்றும் அளவில் பாதி போதும்.

அடுத்தது வதக்கல். நேரமில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் நான் விடமாட்டேன். இந்தப் பாத்திரத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெங்காயமும் இறைச்சியும் சிவந்து மணப்பதற்கு 140 டிகிரியாவது வேண்டும். எத்தனை மணி நேரம் உள்ளே வைத்தாலும் அந்த நிறம் வராது. வாணலியில் அதிக சூட்டில் சில நிமிஷம் சிவக்க விட்டு, வாணலியின் அடியில் ஒட்டியதையும் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டி உள்ளே ஊற்றுங்கள். "ஒரே ருசி" என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி கடைசி அரை மணி நேரத்தில் இருக்கிறது. பால், தயிர், கிரீம் மூன்றும் காலையிலேயே போனால் திரிந்துவிடும். பச்சைப் பட்டாணி, கீரை, பாஸ்தா எல்லாம் கடைசியில் போட்டால்தான் தன் உருவத்தோடு இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறும் பொடியாக நறுக்கிய மல்லித்தழையும். நாள் முழுக்க வெந்த உணவுக்கு ஒரு புளிப்பும் ஒரு பச்சை வாசனையும் கட்டாயம் தேவை. இதைச் செய்து பார்த்துவிட்டு ருசியைப் பற்றிச் சொல்லுங்கள்.

குக்கரில் இருக்கும் லோ, ஹை என்ற இரண்டு சூட்டு நிலைகள் பற்றியும் ஒரு வார்த்தை. லோவில் சூடே குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். பல மாடல்களில் இரண்டும் கடைசியில் போய்ச் சேரும் சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. ஹையில் சீக்கிரம் போய்ச் சேரும், லோவில் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

* * *

அக்கா, வதக்கல் பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் ஷிஃப்ட் வேலைக்குப் போறவ, அதனால என் அனுபவம் கொஞ்சம் வேற.

காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பணும்னா அப்ப நறுக்கி வதக்க முடியாது. ராத்திரியே வெங்காயத்த வதக்கி ஆறவெச்சு ஒரு டப்பா, காய் ஒரு டப்பா, பச்சை இறைச்சி தனியா ஒரு டப்பான்னு ஃபிரிட்ஜ்ல வெச்சுடுவேன். இறைச்சிய ராத்திரியே வதக்கறதில்ல. அரைகுறையா வெந்தத எடுத்து வெச்சு மறுநாள் மெதுவா சூடாக்கினா கிருமி பெருக நேரம் கிடைச்சுடும். அத வேலை இல்லாத நாள்ல, உடனே குக்கர்ல போடறப்ப மட்டும்தான் செய்வேன்.

சில பேர் எல்லாத்தையும் அந்தப் பீங்கான் பாத்திரத்துலயே போட்டு அப்படியே ஃபிரிட்ஜ்ல வெச்சு, காலைல எடுத்து நேரா சூடான அடிப்பாகத்துல வைக்கறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். சில்லுனு இருக்கிற கனமான பீங்கான் சூடேற ரொம்ப நேரம் எடுக்கும், திடீர்னு சூடு பட்டா விரிசலும் விடும். 5 டிகிரில இருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமி வேகமா பெருகற சூடு. இறைச்சி அந்த எல்லைய சீக்கிரமா கடந்து போகணும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கட்டி இறைச்சியக் கூடாதுன்னு சொல்றதும் இதனாலதான். முந்தின நாளே ஃபிரிட்ஜ்ல வெச்சு முழுசா உறைநீக்கம் பண்ணிடுங்க. சுடு தண்ணியோ சூடான ஸ்டாக்கோ ஊத்தி ஆரம்பிச்சா இன்னும் நல்லது.

அப்புறம் மூடி. வீட்ல இருக்கிறவங்க போற வர்றப்ப எல்லாம் திறந்து கிளறுவாங்க. ஒவ்வொரு தடவ திறக்கறப்பவும் சுமார் 20 நிமிஷம் கூடுதலா வேகவிட வேண்டி வரும். கண்ணாடி மூடி போட்டிருக்கறதே உள்ள பாக்கறதுக்குத்தான். பாத்திரம் பாதிக்கு மேல, முக்கால்வாசிக்குக் கீழ நிறைஞ்சிருந்தா கிளற அவசியமே வராது.

நீங்க வெளில இருந்தப்ப கரண்ட் போயிருக்குன்னு தெரிஞ்சா, பாக்க வெந்த மாதிரி இருந்தாலும் அத எடுத்துக் கொட்டிடுங்க. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா எத்தன நேரம் ஆறிக் கிடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

* * *

பயறு வகைகள் சமைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிக்காமல் கடந்துவிடாதீர்கள்.

இந்தப் பாத்திரம் பிறந்ததே பீன்ஸ் வேகவைக்கத்தான். அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்பவர் 1940இல் காப்புரிமை பெற்றார். அவருடைய கருவி 'நாக்சன் பீனரி' என்ற பெயரில் விற்கப்பட்டது. பிறகு ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, 1971இல் 'கிராக்பாட்' என்று கொண்டுவந்தபோதுதான் அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. கொண்டைக்கடலையும் துவரையும் இதில் அருமையாக வேகும், தோல் பிரியாமல் உள்ளே வெண்ணெய் போல.

சிவப்பு ராஜ்மாவை மட்டும் நேரடியாக இதில் போடக் கூடாது. அதில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் அதிகம். நாலைந்து வேகாத கொட்டைகளே போதும், 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தியும் பிறகு வயிற்றுப்போக்கும் வந்துவிடும். 80 டிகிரியில் அரைகுறையாகச் சூடானால் அந்த நச்சு பச்சைக் கொட்டையில் இருப்பதைவிட ஐந்து மடங்கு வரை வீரியம் கொள்ளக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை எச்சரிக்கிறது. மெதுவாகச் சூடேறும் பாத்திரத்தில் அது நடக்க வாய்ப்பு அதிகம்.

நான் செய்வது இதுதான்: குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் 30 நிமிஷம் தளதளவென்று கொதிக்க விடுகிறேன். அதற்குப் பிறகுதான் ஸ்லோ குக்கர். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அதற்கு இந்தப் பயம் இல்லை. தக்காளியும் எலுமிச்சையும் பயறு மெத்தென்று வெந்த பிறகு சேருங்கள். புளிப்பு முன்பே போனால் எத்தனை நேரம் வைத்தாலும் கொட்டை கடினமாகவே நிற்கும். உப்பைப் பற்றி அந்தக் கவலை வேண்டாம்.

* * *

என் அப்பாவுக்குக் கெட்டியாக எதுவும் மெல்ல முடியாது. அவருக்காக ராத்திரி படுக்கப் போகும்போது உடைத்த ஓட்ஸ் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, ஒரு சிட்டிகை உப்பு. இதை நேரடியாகப் பாத்திரத்தில் போட்டால் ஓரத்தில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் சூடு தாங்கும் ஒரு கிண்ணத்தில் கலந்து, அந்தக் கிண்ணத்தைக் குக்கருக்குள் வைத்து, சுற்றிலும் கிண்ணத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி லோவில் விடுகிறேன். காலையில் சூடான கஞ்சி தயார், ஒரு பருக்கைகூட அடிப்பிடிப்பதில்லை. பால் சாப்பிடும்போதுதான் சேர்க்கிறேன். தட்டையான ஓட்ஸ் இதற்கு ஒத்துவராது, பசையாகிவிடும்.

வெங்காயத்தையும் இதில் செய்து வைக்கலாம். நீளவாக்கில் நறுக்கிய வெங்காயத்தைப் பாத்திரம் முக்கால்வாசி வரும்படி போட்டு, கொஞ்சம் எண்ணெயும் உப்பும் பிசிறி, லோவில் பத்து மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் மூடியைச் சற்றே விலக்கி வைத்தால் நீர் வற்றும். இதைச் சின்னச் சின்னப் பொட்டலமாக ஃப்ரீசரில் போட்டுவிட்டால் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் தங்கைக்கு ராத்திரி வதக்கும் வேலையும் மிச்சம்.

மிஞ்சியதை அந்தப் பாத்திரத்திலேயே விட்டுவிடாமல் ஆழமில்லாத டப்பாக்களில் மாற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் சூடுபடுத்துவது அடுப்பில்தான், ஸ்லோ குக்கரில் வேண்டாம். நன்றாகக் கொதித்த பிறகு வேண்டுமானால் அதில் ஊற்றி, சூடு ஆறாமல் வைக்கும் 'வார்ம்' நிலையில் வைத்துக்கொள்ளலாம்.