தேக்கா மாட்டு வியாபார வரலாறு: மரபுடைமை நிலையம் மட்டும் போதுமா?

சனிக்கிழமைப் பயணி:
வணக்கம். பள்ளி விடுமுறையில் நான்கு பேர் போகிறோம்: பத்து வயதுப் பையன், சக்கர நாற்காலியில் தாத்தா, நாங்கள் இருவர். சிங்கப்பூரில் தேக்கா என்று நாம் சொல்லும் லிட்டில் இந்தியா மாட்டு வியாபாரத்தால் வளர்ந்த வட்டாரம் என்பதைக் காட்டத்தான் போகிறோம். பையனுக்கு கௌபாய் பைத்தியம். டெக்சாஸில் மந்தை ஓட்டிய கதையெல்லாம் ஒப்பிப்பான், தேக்காவில் மாடு நின்றது என்றால் மட்டும் சிரிக்கிறான். கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம் ஒன்றே போதுமா, வெளியிலும் ஏதாவது பார்க்க வேண்டுமா? அரை நாள்தான் நேரம். எந்த வரிசையில் போனால் தாத்தாவுக்குச் சிரமம் இருக்காது?

சடக்கோரம்:
மாட்டைத் தேடி அந்த நிலையத்துக்குப் போனால் ஏமாற்றம்தான். சிங்கப்பூர் இந்தியர்களின் முழு வரலாற்றையும் சொல்வதற்காக 2015இல் திறந்த இடம் அது, மாட்டுக்கு அதில் ஓரமான இடம்தான். ஆனாலும் விட்டுவிடாதீர்கள். மின்தூக்கியில் நேரே நான்காம் மாடிக்குப் போய், அங்கிருந்து மூன்றாம் மாடிக்கு இறங்குங்கள், காட்சிக்கூடங்கள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. செட்டிநாட்டு மரக்கதவு ஒன்று இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. சுமார் 5,000 நுணுக்கமான செதுக்கல்கள். எட்டி நின்று பார்த்தால் வெறும் கறுத்த மரமாகத்தான் தெரியும், கிட்டப் போய் நிலையின் ஒரு பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தத்துக்கும் ஒன்றே கால் மணி நேரம் போதும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

மாட்டு வரலாறு கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை, தெருப் பெயர்ப்பலகையில் இருக்கிறது. அங்கிருந்து சிராங்கூன் சாலையைக் கடந்தால் பஃபலோ ரோடு, அதற்கு இணையாகக் கெர்பாவ் ரோடு. இரண்டும் ஒரே பெயர்தான், ஒன்று ஆங்கிலம், மற்றது மலாய். கெர்பாவ் ரோட்டில் 37ஆம் எண், 1900இல் கட்டிய டான் டெங் நியா வீடு. வண்ண வண்ணமாக இருப்பதால் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர் இந்தப் பக்கம் மிட்டாய்த் தொழிற்சாலைகள் வைத்திருந்த சீன வணிகர். மாடு இருந்த இடத்தில் இழுவைக்கு ஆள் தேட வேண்டாம், அதனால் எள் ஆட்டுவது, கோதுமை அரைப்பது, தோல் பதனிடுவது என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தன. அதைச் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள்.

பிறகு சிராங்கூன் சாலையோடு வடக்கே வீரமாகாளியம்மன் கோயில், அதை ஒட்டி பெலிலியோஸ் ரோடு. அந்தப் பெயர் இங்கே பெரிய அளவில் மாட்டு வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரருடையது. சாலையின் எதிர்ப்பக்கம் டெஸ்கர் ரோடு. டெஸ்கர் யுரேசியர், அதாவது ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சத்தவர், இறைச்சி வியாபாரத்தில் சம்பாதித்தவர். அங்கிருந்து லெம்பு ரோடு இரண்டு எட்டுதான்.

பட்டிக்காரன்:
ஒரு திருத்தம். பெலிலியோஸை வெறுமனே வெள்ளைக்காரர் என்று சொல்வது சரியில்லை, கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் அவர். வெள்ளைக்காரர்களை இந்தப் பக்கம் இழுத்தது குதிரைப் பந்தயம். 1840களில் ஃபேரர் பார்க்கில் பந்தயத் திடல் வந்தது, 1933இல்தான் புக்கித் தீமாவுக்கு மாறியது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதன் மிச்சம்.

தமிழில் எல்லாவற்றையும் மாடு என்று சொல்லிப் பழகியதால் முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. மலாயில் கெர்பாவ் எருமை, லெம்பு பசுவும் காளையும். கண்டாங் என்றால் தொழுவம். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, வெயில் ஏறினால் சேற்றில் புரண்டுதான் உடம்பைக் குளிர்விக்க முடியும். ரோச்சோர் ஆற்றங்கரைச் சதுப்பும் புல்லும் அதற்குத் தோதாக இருந்ததால்தான் தொழுவம் இங்கே வந்தது. ஊர் பெருகிச் சதுப்பைத் தூர்த்த பிறகு தண்ணீரும் போனது, புல்லும் போனது. சுகாதாரக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, 1930களோடு மாட்டு வியாபாரம் இங்கிருந்து கிளம்பிவிட்டது. ரோச்சோர் கால்வாயைப் பையனுக்குக் காட்டுங்கள். இப்போது கான்கிரீட் வாய்க்கால்தான், ஆனால் முழு விளக்கமும் அங்கேதான்.

கௌபாய் விஷயத்துக்கு வருகிறேன். 1867இல் கன்சாஸின் அபிலீனில் ரயிலடியை ஒட்டி மாட்டுப் பட்டி போட்டார்கள். டெக்சாஸிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் மந்தையை நடத்திக் கொண்டுவந்து அங்கே ரயிலில் ஏற்றினார்கள். இங்கே மாடு கப்பலில் வந்தது, நடை சொற்பம். அதனால் இங்கே குதிரை வீரனும் இல்லை, நெடும்பயணமும் இல்லை. ஆனால் பட்டி, தரகர், கசாப்பு, தோல் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தது இரண்டு ஊருக்கும் பொது. "அங்கே ரயிலடி, இங்கே சதுப்பு" என்று சொன்னால் பையனுக்குப் பிடிபடும்.

தாத்தாவிடம் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் பெயரில் கேகே என்பதன் விரிவைக் கேட்கச் சொல்லுங்கள். கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். 1966இல் மட்டும் அங்கே 39,835 பிரசவம். அத்தனை சிங்கப்பூரர்களும் பேரளவில் தொழுவத்தில் பிறந்தவர்கள்!

சக்கரம்:
நாற்காலிக்காரர்களுக்காக எழுதுகிறேன். கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையை, அதாவது கடை முன்னால் இருக்கும் கூரையுள்ள நடைபாதையை, நம்பாதீர்கள். ஒவ்வொரு கடை வாசலிலும் தளம் ஏறி இறங்கும். நாலு விரல் உயரப் படி ஒன்று குறுக்கே வந்தால், நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி ஏற்ற வேண்டும். பஃபலோ ரோட்டில் காலையில் காய்கறிப் பெட்டிகள் நடைபாதை வரை வந்துவிடும், அங்கே ஒருவர் முன்னால் போய் வழி பார்க்கட்டும். கெர்பாவ் ரோட்டில் 37ஆம் எண்ணுக்கு முன்னால் சமதளமான திறந்தவெளி, தாத்தா இளைப்பாற நல்ல இடம். சிராங்கூன் சாலையைச் சமிக்ஞை விளக்கு இருக்கும் இடத்தில் மட்டும் கடந்து செல்லுங்கள்.

10 மணிக்கு மரபுடைமை நிலையத்தில் தொடங்குங்கள். பதினொன்றே காலுக்கு பஃபலோ ரோடு, பன்னிரண்டுக்குள் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், கோயிலைக் கடைசியில் வைத்தால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் பஃபலோ ரோட்டை ஒட்டிய சந்தையும் உணவங்காடியுமான தேக்கா நிலையம், ஆனால் 12 மணிக்கு மேல் மேசை கிடைக்காது. பதினொன்றரைக்கே தாத்தாவை உட்கார வைத்து ஏதாவது கொடுத்துவிடுங்கள். லெம்பு ரோட்டிலிருந்து ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம், திரும்பி நடக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமைப் பயணி:
மூவருக்கும் நன்றி. லெம்பு ரோட்டில் பார்க்க என்னதான் இருக்கிறது? ஞாயிறு போனால் பரவாயில்லையா?

சடக்கோரம்:
ஒரு பெயர்ப்பலகை, ஒரு திறந்தவெளி, அவ்வளவுதான். ஞாயிறு மாலை அங்கே கூடும் வெளிநாட்டு ஊழியர் கூட்டத்தில் நாற்காலி நகராது. வாரநாள் காலையில் போங்கள், பலகையை நிதானமாகப் படிக்கலாம். தாத்தா களைத்துவிட்டால் கழிக்க வேண்டியது லெம்பு ரோட்டைத்தான், கெர்பாவ் ரோட்டை அல்ல.